ஓவனுக்குள் தோசைக்கல் வைத்திருப்போருக்கு

அன்புள்ள ஓ.டி.ஜி. வீட்டுக்காரர்களுக்கு,

தீபாவளித் தள்ளுபடியில் அந்த மின்சார ஓவனை வாங்கியிருப்பீர்கள். இல்லையென்றால் மகளுக்கு கேக் பழகும் ஆசை வந்த ஏதோ ஒரு கோடை விடுமுறையில். புதுமனைப் புகுவிழாவுக்கு யாரோ கொடுத்த பரிசாகவும் இருக்கலாம். எப்படி வந்ததோ, இப்போது அது சமையல் மேடை மூலையில் பூப்போட்ட துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. உள்ளே தோசைக்கல், ஆப்பச்சட்டி, அப்பளக் கட்டு, ரப்பர் பேண்ட் போட்ட முறுக்குப் பொட்டலம். உங்களுக்குத்தான் இந்த மடல்.

கேக் ஓரளவுக்கு வந்திருக்கும். அடுத்து என்ன செய்தீர்கள் என்று நானே சொல்லிவிடுகிறேன்: காய்கறி போட்ட பேக்டு பாஸ்தா. ஓட்டலில் ஒரு சின்னத் தட்டுக்கு வாங்குகிற விலையைப் பார்த்து, இதை வீட்டிலேயே செய்தால் என்ன என்று இறங்கியிருப்பீர்கள். வந்தது என்னவோ மேலே எண்ணெய், கீழே தண்ணீர், நடுவில் கூழ். சில வீடுகளில் இதற்கு நேர்மாறாக, எல்லாம் வற்றிப்போய், கரண்டி போட்டால் பாளம் பாளமாகப் பெயர்ந்திருக்கும். பிள்ளைகள் மேலே இருந்த சீஸை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு எழுந்து போயிருப்பார்கள். அன்றைக்கு மூடிய ஓவன்தான்.

அதற்குப் பிறகு பழியை ஆளுக்கொரு பக்கம் போட்டீர்கள். சீஸ் மட்டம், ஓவன் மட்டம், வீடியோவில் சொன்ன அளவு தப்பு. இதில் எதுவும் முழுக் காரணம் இல்லை. இந்தப் பண்டத்தில் ஓவனுக்கு உள்ள வேலை ரொம்பக் குறைவு. எல்லாம் வெந்துதான் உள்ளே போக வேண்டும். ஓவன் செய்வது இரண்டே காரியம்: வெந்ததை ஒன்றோடு ஒன்று சேர வைப்பது, மேலே ஒரு மொறுமொறுப்பை ஏற்றுவது. மற்றதெல்லாம் தண்ணீர்க் கணக்கு. பாஸ்தா தண்ணீரைக் குடிக்கும். 100 கிராம் உலர்ந்த பாஸ்தா வெந்து முடியும்போது 200 கிராமைத் தாண்டிவிடும். காய்கறி தண்ணீரை விடும். நடுவில் இருக்கும் சாஸ் இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். இந்தக் கணக்கு சரியாக இருந்தால் சாதாரண சீஸும் போதும். தவறினால் இத்தாலியிலிருந்து வரவழைத்த சீஸாலும் காப்பாற்ற முடியாது.

இந்தப் பண்டத்தை நமக்கு அறிமுகம் செய்தவை காபி கடைகளும் பீட்சா கடைகளும். அதனால் பேக்டு பாஸ்தா என்றாலே ஒயிட் சாஸ், ஸ்வீட் கார்ன், குடைமிளகாய், மேலே சீஸ் மழை என்று மனதில் பதிந்துவிட்டது. அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு சிசிலித் தீவுக்கு வாருங்கள். உலர் பாஸ்தாவைப் பெரிய அளவில் செய்து விற்றதற்கு ஐரோப்பாவில் கிடைக்கும் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. சிசிலியின் நார்மன் அரசன் இரண்டாம் ரோஜருக்காக அரபுப் புவியியலாளர் அல்-இத்ரிசி 1154இல் முடித்த நூல் அது. பலெர்மோவுக்குக் கிழக்கே திராபியா என்ற ஊரில் ஓடும் நீரால் ஆலைகள் சுழல்கின்றன, அங்கே நூல்நூலான மாவுப் பண்டம் ஏராளமாகச் செய்து இஸ்லாமிய நாடுகளுக்கும் கிறித்தவ நாடுகளுக்கும் கப்பல் கப்பலாக அனுப்புகிறார்கள் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார்.

பாஸ்தா அங்கே இருந்தது. கத்தரிக்காய் போனது நம் பக்கத்திலிருந்து. இந்தியாவை ஒட்டிய தெற்காசிய, தென்கிழக்காசிய நிலத்தில் பழக்கப்பட்ட செடி அது. அரபு உலகத்தின் வழியாக மத்தியதரைக் கடலோரம் போய்ச் சேர்ந்தது. சிசிலிக்காரர்கள் அதை அணைத்துக்கொண்ட அளவுக்கு வடக்கே இருந்தவர்கள் அணைத்துக்கொள்ளவில்லை. 1891இல் வெளிவந்த தன் புகழ்பெற்ற சமையல் நூலில் பெல்லெக்ரினோ அர்தூசி, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு ஃபுளோரன்ஸ் சந்தையில் கத்தரிக்காயைப் பார்ப்பதே அரிது, யூதர்கள் தின்பது என்று இழிவாக நினைத்தார்கள் என்று குறிப்பிடுகிறார். சிசிலியின் மெஸ்ஸினா நகரத்துப் பெண்களோ கத்தரிக்காயைப் பொரித்து, தக்காளிச் சாறு, மக்ரோனி, உள்ளூர் சீஸ் எல்லாவற்றையும் அடுக்கி அடுப்பில் வைத்து, பாஸ்தா ங்காச்சாத்தா என்று விருந்து நாள்களில் பரிமாறுகிறார்கள். ஆந்த்ரேயா கமிலேரியின் துப்பறியும் நாவல்களில் வரும் இன்ஸ்பெக்டர் மோந்தல்பானோவை வாசித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். வீட்டுவேலைக்கு வரும் அதெலீனா இதைச் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கும் நாளில் அந்த மனிதர் கொலை வழக்கையே மறந்துவிடுவார்.

மெஸ்ஸினாவில் இறைச்சியும் அவித்த முட்டையும் சேர்ப்பது உண்டு. இறைச்சி இல்லாமலும் செய்கிறார்கள். நீங்கள் முதலில் கையில் எடுக்க வேண்டியது அந்தக் கத்தரிக்காய் வழியைத்தான் என்பது என் கட்சி. இதில் நமக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லை. கத்தரிக்காயை நாம் அறிவோம், தக்காளியைச் சுண்ட வைக்கவும் அறிவோம்.

நான்கைந்து பேருக்கு அரைக் கிலோ கத்தரிக்காய். பெரிய ஊதாக் கத்தரிக்காயாகப் பாருங்கள், கையில் கனக்காமல், விதை முற்றாமல். புவிசார் குறியீடு வாங்கிய வேலூர் முள்ளுக் கத்தரி கிடைத்தால் தயவுசெய்து அதை இதில் போட்டு வீணாக்காதீர்கள். எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு அது காத்திருக்கிறது. விரல் தடிமனில் வட்டமாக நறுக்கி, உப்பைத் தூவி அரை மணி நேரம் வடிதட்டில் விடுங்கள். கத்தரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். மீதியிலும் நிறையக் காற்றறைகள். அந்த அறைகள்தான் சட்டியில் ஊற்றும் எண்ணெயையெல்லாம் குடித்துத் தீர்ப்பவை. உப்பு தண்ணீரை இழுக்கும்போது சதை தளர்ந்து, அறைகள் அமுங்கிப் போகின்றன. பிறகு துணியில் வைத்து ஒற்றி, இருபுறமும் எண்ணெய் தடவி, தட்டில் பரப்பி 220 பாகையில் அரை மணி நேரம் ஓவனில் வையுங்கள், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டு. ஓரம் செம்பழுப்பாக வர வேண்டும். சிசிலியில் எண்ணெயில் பொரிக்கிறார்கள். பொரித்தால் ருசி கூடும், மறுக்க மாட்டேன். ஆனால் ஓவனை வாங்கி வைத்துவிட்டு வாணலியில் எதற்குப் பொரிக்க வேண்டும்?

மற்ற காய்களுக்கும் இதே நியாயம்தான். காலிஃபிளவரைச் சின்னப் பூக்களாகப் பிரித்து, வேக வைக்காமல், எண்ணெயில் பிரட்டி வறுத்தெடுங்கள். மஞ்சள் பூசணியைத் துண்டாக்கி ஓவனில் சுட்டால் இனிப்பு தூக்கும். ஒயிட் சாஸுக்கு அதைவிடப் பொருத்தமான காய் நம் சந்தையில் இல்லை. காளானை எண்ணெய் இல்லாத சட்டியில் போட்டு, அது விடும் தண்ணீர் மொத்தமும் ஆவியாகிச் சட்டி சத்தம் போடத் தொடங்கும்வரை விடுங்கள். எண்ணெய் அதற்குப் பிறகுதான். பாலக் கீரையை ஒரு சொட்டுத் தண்ணீர் கூட ஊற்றாமல் வதக்கி, ஆறவிட்டு, இரண்டு கையாலும் பிழியுங்கள். ஒரு கட்டு ஒரு கைப்பிடியாகச் சுருங்கும். குடைமிளகாய்க்குப் பெருந்தீ, சில நிமிடங்கள். ஃப்ரீசரில் இருந்த பட்டாணியும் கார்னும் பனி விட்டு வடிய வேண்டும். பீர்க்கங்காய், சுரைக்காய், சௌசௌ மூன்றும் கூட்டுக்குப் போகட்டும்.

கேரட், பீன்ஸ் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ஓவனில்தானே அரை மணி நேரம் இருக்கப் போகிறது, அங்கே வெந்துவிடும் என்று பச்சையாகவே போடுகிறார்கள். வேகாது. அதிலும் தக்காளிச் சாறில் சுத்தமாக வேகாது. சாம்பாரில் காய் வெந்த பிறகுதானே புளியைக் கரைத்து ஊற்றுகிறோம்? புளிப்பு இருக்கும் இடத்தில் காயின் நார் இளகுவதில்லை. அதே விதி இங்கேயும் செல்லும். முக்கால் பங்கு வேக வைத்து, ஈரம் போக வதக்கிச் சேருங்கள்.

பாஸ்தா பொட்டலத்தின் முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். துரம் கோதுமை ரவை என்று இருக்க வேண்டும். மைதா என்றோ, பொத்தாம் பொதுவாகக் கோதுமை மாவு என்றோ இருந்தால் இந்த வேலைக்கு வேண்டாம். இத்தாலியில் உலர் பாஸ்தாவைத் துரம் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று 1967ஆம் ஆண்டின் 580ஆம் எண் சட்டமே விதித்தது. காரணம் இருக்கிறது. துரம் கடினமான கோதுமை. அதன் புரதம் ஒரு வலையாக இறுகி மாவுச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு முறை வேகும் பண்டத்துக்கு அந்தப் பிடிமானம் வேண்டும். மைதா பாஸ்தா முதல் கொதியிலேயே வழுவழுத்துவிடும். நம் நாட்டிலும் மத்தியப் பிரதேசத்தின் மால்வா வட்டாரத்தில் துரம் விளைகிறது. உள்நாட்டுத் தயாரிப்பிலேயே நல்ல பாஸ்தா கிடைக்கும். வடிவத்துக்கு பென்னே, ரிகாத்தோனி, எல்போ மக்ரோனி எதுவானாலும் சரி, உள்ளே குழல் இருக்கட்டும், சாஸ் ஏறும். ஸ்பகெட்டி வேண்டாம்.

250 கிராம் பாஸ்தாவுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர். லிட்டருக்குப் பத்து கிராம் கணக்கில் உப்பு. எண்ணெய் ஊற்ற வேண்டியதில்லை. அது மேலே மிதந்து, வடிக்கும்போது பாஸ்தாவின் மேல் படிந்து, சாஸை ஒட்டவிடாமல் செய்வதுதான் மிச்சம். பொட்டலத்தில் 11 நிமிடம் என்று போட்டிருந்தால் 7 நிமிடத்தில் வடித்துவிடுங்கள். கடித்துப் பார்த்தால் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிய வேண்டும். பாதி வெந்ததைப் போல் இருக்கிறதே என்று மாமியார் சொல்வார். சொல்லட்டும். மீதி வேக்காட்டுக்கு வேண்டிய தண்ணீரை அது சாஸிலிருந்து எடுத்துக்கொள்ளும். இங்கே முழுசாக வெந்துவிட்டால் ஓவனில் கூழாவதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. குளிர்ந்த நீரில் அலச வேண்டாம். வடித்த தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சாஸ் இறுகினால் உதவும்.

சாஸுக்கு வருவோம். சிசிலி வழியில் தக்காளிதான் தலைவன். ஒரு கிலோ தக்காளியில் பாதி நாட்டுத் தக்காளி, பாதி பெங்களூர்த் தக்காளி எடுத்தால் புளிப்பும் சதையும் சமமாக நிற்கும். தோலுரித்து மசித்து, பூண்டு வதங்கிய எண்ணெயில் ஊற்றி, திறந்தே வைத்துச் சுண்ட விடுங்கள். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும் கட்டம் உங்களுக்குக் கைவந்த கலை, நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கட்டத்தில் அரை டம்ளர் பாஸ்தா தண்ணீர் ஊற்றித் தளர்த்துங்கள். சுண்டியதை எதற்குத் தளர்த்த வேண்டும் என்று தோன்றும். சுண்டியது பச்சை நெடி போகவும் ருசி திரளவும். தளர்த்துவது பாஸ்தா குடிப்பதற்கு.

வாசனைக்குத் துளசி இனத்துப் பேசில். கடையில் பிளாஸ்டிக் டப்பாவில் விலை போட்டு விற்கிறார்களே, அது நம் திருநீற்றுப்பச்சிலையின் இனம்தான். சப்ஜா விதை வருவதும் இந்தச் செடியிலிருந்தே. நம் ஊர் வகையில் காரமும் கிராம்பு வாடையும் சற்றுத் தூக்கலாக இருக்கும், எனவே இலையைக் குறைத்துப் போடுங்கள். தொட்டியில் வைத்தால் தானே வளரும். இது இருக்கும்போது ஃப்ரிட்ஜ் கதவில் சேர்ந்து கிடக்கும் பீட்சா கடை ஆரிகானோ பொட்டலங்கள் தேவைப்படாது.

ஒயிட் சாஸ் என்று நாம் சொல்லும் பெஷமெல் வேறு வீட்டுப் பிள்ளை. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் அரண்மனையில் பணியாற்றிய ஒரு பிரபுவின் பெயரைத் தாங்கியது. நேப்பிள்ஸிலும் சிசிலியிலும் பெரிய வீடுகள் பிரெஞ்சு முறை சமையல்காரர்களை வைத்துக்கொண்ட காலத்தில் அடுக்களைகள் ஒன்றோடொன்று கலந்தன. அந்த மாளிகைகளின் மேசையில் ஓவன் பாஸ்தா எப்படி ஜொலித்தது என்று தெரிந்துகொள்ள விரும்புவோர் லாம்பெதூசா எழுதி 1958இல் வெளிவந்த ‘சிறுத்தை’ நாவலின் விருந்துக் காட்சியைத் தேடிப் படிக்கலாம். மாவுக் கூட்டுக்குள் மக்ரோனி, கோழி ஈரல், முட்டை, மேலே சர்க்கரையும் லவங்கப்பட்டையும் மணக்க ஒரு மலை மாதிரி வந்து இறங்கும். நமக்கு அவ்வளவு வேண்டாம்.

தக்காளியோடு சேர்ப்பதற்கு என்றால் 300 மில்லி பாலுக்கு 20 கிராம் வெண்ணெய், 20 கிராம் மைதா. ஒயிட் சாஸில் மட்டுமே செய்வதானால் எல்லாம் இரண்டு மடங்கு. ஆவின் நீலப் பாக்கெட்டே போதும். கொழுப்பு சீஸிலிருந்து வரப்போகிறது, ஆரஞ்சுப் பாக்கெட்டைப் பாயசத்துக்கு வையுங்கள். வெண்ணெய் உருகியதும் மைதாவைப் போட்டு, நிறம் மாறாமல், பச்சை வாடை போகும்வரை சிறுதீயில் கிளறுங்கள். பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குங்கள். எல்லாம் ஊற்றிய பிறகு ஒரு கொதி கட்டாயம் வர வேண்டும், அதற்கு முன்பே இறக்கினால் மாவு முழுக்க மலராமல் நாக்கில் மாவாகவே நிற்கும். பதம்: தோசை மாவைவிடத் தளர்வாக, ரவா தோசை மாவைவிடக் கெட்டியாக. ஒயிட் சாஸ் பாஸ்தாவாக அப்படியே தட்டில் பரிமாறும் பதத்துக்கு இதைக் கொண்டுவந்துவிட்டால் ஓவனில் அது களியாகிவிடும். கடைசியில் ஜாதிக்காய் ஒரு சிட்டிகை துருவுங்கள், கைக்குழந்தைக்கு உரசிக் கொடுக்க வாங்கியது எங்காவது டப்பாவில் இருக்கும்.

இனி சீஸ். கரண்டியைத் தூக்கினால் ஒரு முழ நீளத்துக்கு நூல் இழுபடும் அந்த வீடியோக்களைப் பார்த்துத்தான் உங்களில் பலர் கால் கிலோ மொசரெல்லாவைக் கொட்டினீர்கள். மொசரெல்லா நூலாக இழுபடுவது உண்மை. திரித்த பாலின் கட்டியைச் சுடுநீரில் போட்டு இழுத்து இழுத்துப் பிசைகிறார்கள். அந்தப் பிசைவில் பால் புரதம் இழைகளாகப் படுத்துக்கொள்கிறது, சூடேறினால் இழை இழையாக எழுகிறது. ஆனால் அதற்கு ருசி குறைவு, உப்பும் குறைவு. ஆறினால் ரப்பர். ருசிக்கு முதிர்ந்த சீஸ் ஒன்று வேண்டும். மெஸ்ஸினாவில் காச்சோகவல்லோ போடுவார்கள். நமக்கு செடார் சரியாக இருக்கும். கொடைக்கானலிலும் ஆரோவில்லிலும் செய்யும் முதிர்ந்த வகைகள் கிடைத்தால் இன்னும் நல்லது. மொத்தம் 150 கிராம் என்று வைத்துக்கொண்டால் பாதி செடார், பாதி மொசரெல்லா. செடார் சாஸுக்குள், மொசரெல்லா அடுக்குக்கு நடுவிலும் மேலேயும்.

செடாரை அடுப்பை அணைத்த பிறகே சாஸில் கலக்குங்கள். கொதிக்கும்போது போட்டால் புரதம் சுருங்கித் திரண்டு கொழுப்பை வெளியே தள்ளும். மேலே மிதந்தது என்று புலம்பினீர்களே, அந்த எண்ணெயில் பாதி இப்படி வந்ததுதான். அதிக நேரம் ஓவனில் வைத்தாலும் இதே கதை. ப்ராசஸ்டு சீஸ் கட்டி இப்படிப் பிரியாது; புரதத்தையும் கொழுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் உப்புகளை அதில் கலந்திருக்கிறார்கள். அதனால் வெறும் ப்ராசஸ்டு சீஸில் செய்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். செடார் கிடைக்காத ஊரில் அதைத் துருவி சாஸில் கலப்பது நியாயமான வழி. துருவியே பாக்கெட்டில் வரும் சீஸில் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் இருக்க மாவுப் பொடி தூவியிருப்பார்கள், உருகுவதில் சற்று மந்தம். கட்டியாக வாங்கித் துருவிக்கொள்வது மேல். பனீரைத் துருவிப் போட்டுவிட்டு உருகவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. புளிப்பு ஊற்றித் திரித்த பால் எந்தச் சூட்டிலும் உருகாது, அதன் இயல்பு அப்படி.

சைவர்கள் கவனிக்க ஒன்று. இத்தாலியின் அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோவைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைப்பொருளால்தான் திரிக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. பச்சைப் புள்ளி இருக்கும் சீஸில் அந்தக் கவலை இல்லை.

சீஸைவிட எனக்கு முக்கியம் ரொட்டித்தூள். சிசிலியில் சீஸ் வாங்க முடியாத வீடுகள் பழைய ரொட்டியைத் துருவி, ஆலிவ் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, பாஸ்தாவின் மேல் தூவிக்கொண்டன. வறுமையில் பிறந்த அந்தப் பழக்கத்தை இன்று வசதி வந்த பின்னும் யாரும் விடவில்லை. உங்கள் ஓவன் பாஸ்தாவில் குறைவது அந்தக் கரகரப்புதான். சீஸ் ஆறினால் தோலாகும். வறுத்த ரொட்டித்தூள் ஆறினாலும் நொறுங்கும். இனிப்பில்லாத பிரெட்டைக் காயவைத்துப் பொடித்து, எண்ணெயிலும் நசுக்கிய பூண்டிலும் புரட்டி, தட்டின் அடியில் ஒரு பிடி, மேலே ஒரு பிடி. அடியில் தூவியது கசியும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இனிப்பு ரஸ்க்கைப் பொடித்துப் போடாதீர்கள்.

அடுக்குவதில் பெரிய வித்தை இல்லை. பாஸ்தாவைத் தக்காளிச் சாறில் பிரட்டிப் பாதியைப் பரப்பி, கத்தரிக்காய், கொஞ்சம் ஒயிட் சாஸ், மொசரெல்லா, மறுபடியும் பாஸ்தா. தட்டு அகலமாகவும் நான்கைந்து சென்டிமீட்டர் ஆழமாகவும் இருந்தால் மொறுமொறுப்புக்கு இடம் நிறைய. உள்ளே போகும்போது பார்வைக்குக் கொஞ்சம் அதிகச் சாறோடு இருக்க வேண்டும். அதுதான் சரியான நிலை.

ஓவனை 200 பாகையில் பதினைந்து நிமிடம் முன்சூடு செய்யுங்கள். குமிழில் 200 என்று திருப்புவதும் உள்ளே 200 இருப்பதும் எப்போதும் ஒன்றல்ல. தொங்கவிடும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கிப் போட்டால் உங்கள் ஓவனின் குணம் புரிந்துவிடும். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரிய, நடுத் தட்டில் இருபது, இருபத்தைந்து நிமிடம். ஓரங்களில் குமிழி விட்டுக் கொதிப்பது தெரிய வேண்டும். கடைசி மூன்று நான்கு நிமிடம் மேல் கம்பி மட்டும், அப்போது பக்கத்திலேயே நில்லுங்கள், போன் பேசப் போகாதீர்கள். கரண்டு செலவுக்குப் பயப்படுவோருக்கு: 1,500 வாட் ஓவன் இடைவிடாமல் ஒரு மணி நேரம் எரிந்தால்தான் ஒன்றரை யூனிட். இன்வெர்ட்டர் இணைப்பில் மட்டும் சொருகாதீர்கள்.

மைக்ரோவேவில் செய்யலாமா என்று கேட்பீர்கள். வெறும் மைக்ரோவேவ், உணவில் உள்ள தண்ணீரைச் சூடாக்குவது. ஈரம் இருக்கும்வரை 100 பாகையைத் தாண்டுவது கடினம். மேற்புறம் சிவக்க 140 பாகைக்கு மேல் வேண்டும். எனவே சீஸ் உருகும், நிறம் ஏறாது. கன்வெக்‌ஷன் வசதி உள்ளதென்றால் அந்த முறையில் தாராளமாகச் செய்யலாம்.

கரம் மசாலா போடலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம். மிளகாய் போடுங்கள், தென் இத்தாலியர்களும் போடுகிறார்கள். கத்தரிக்காயும் தக்காளியும் சீஸும் தங்களுக்குள் பேசி முடித்த பிறகு மூன்றாவது ஆளாகப் பட்டையும் ஏலமும் நுழைய வேண்டாம்.

வெளியே எடுத்ததும் வெட்டாதீர்கள். கால் மணி நேரம், முடிந்தால் இன்னும் கூட, அப்படியே இருக்கட்டும். கொதிக்கும் சாஸ் ஓடும். ஆற ஆற மாவுச்சத்து இறுகி, துண்டு போட்டால் துண்டாக நிற்கும். விருந்தாளிகள் வருவதாக இருந்தால் முதல்நாள் இரவே அடுக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம், சாஸை மட்டும் இன்னும் சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். ஆனால் குளிர்ந்த கண்ணாடித் தட்டை நேராகச் சூடான ஓவனுக்குள் தள்ளினால் விரிசல் விட வாய்ப்பு உண்டு. ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டு உள்ளே அனுப்புங்கள்.

இது கொதிக்கக் கொதிக்கச் சாப்பிட வேண்டிய பண்டமும் இல்லை. ஆகஸ்ட் 15 இத்தாலியில் மாதா விண்ணேற்பு நாள், கோடையின் பெரிய விடுமுறை. அன்றைக்கு சிசிலிக் குடும்பங்கள் ஓவன் பாஸ்தாவைத் தட்டோடு துணியில் சுற்றிக் கடற்கரைக்குத் தூக்கிப் போய், குடை நிழலில் உட்கார்ந்து வெதுவெதுப்பாக வெட்டித் தின்கிறார்கள். அதே நாள் நமக்கும் விடுமுறைதான். முந்தின நாள் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வைத்தால் போதும், காலைக் கொடியேற்றம் முடிந்து வந்து உப்புத் தூவ ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்கு ஆகிவிடும்.

அன்புடன்,
உங்களைப் போல் ஓவன் வைத்திருக்கும் ஒரு வீட்டுச் சமையல்காரர்